குளிரைத் துரத்தி மலையேறும் உயிர்கள்: காப்புப் பகுதியைத் திட்டமிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலையில் 100 மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி செல்சியஸ் குளிரும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சராசரி வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால், இன்று 1,900 மீட்டரில் கிடைக்கும் குளிர் ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போய்விடும். 2 டிகிரி என்றால் 300 மீட்டர். அந்தக் குளிரை நம்பி வாழும் செடியும் பறவையும் தவளையும் அதன் பின்னாலேயே ஏற வேண்டும். ஏற வழி இருக்கிறதா, ஏறிப்போன இடத்தில் நிலம் மிச்சம் இருக்கிறதா, நடுவில் ரிசார்ட்டும் தார்ச்சாலையும் மறித்து நிற்கின்றனவா என்பதெல்லாம் வேறு வேறு கேள்விகள். எல்லைக் கல் மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கும்.

ஆகவே காப்புப் பகுதியைத் திட்டமிடும்போது, இன்று எந்த உயிரினம் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் போதாது. நாளை அது எங்கே போகும், எந்த வழியாகப் போகும் என்பதையும் சேர்த்து வரைய வேண்டும். சரணாலயம், பாதுகாப்பகம், சமுதாயக் காப்பகம் என எதற்கு முன்மொழிவு எழுதினாலும் இதே படிகள்தான். முதல்முறையாக இந்த வேலையில் இறங்கும் இயற்கைக் குழுக்கள், ஆராய்ச்சி மாணவர்கள், ஊராட்சிகள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது.

எடுத்துக்காட்டாகப் பழனி மலைத்தொடரை வைத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்ட ஒரு கிளை இது. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 65 கி.மீ., வடக்கு தெற்காக 40 கி.மீ. அடிவாரம் 300 மீட்டர் சொச்சம். வந்தரவு, வேம்படிச்சோலை முகடுகள் 2,500 மீட்டரைத் தாண்டும். 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இங்கே ஏறக்குறைய 609 சதுர கி.மீ. பரப்பில் இருக்கிறது. முட்புதர்க்காடு, இலையுதிர் காடு, நடுச்சரிவில் காப்பித் தோட்டம், உச்சியில் சோலையும் (மடிப்புப் பள்ளங்களில் நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு) புல்வெளியும். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தைப் பிரித்தவர்களுக்கு இந்த அடுக்கு புதிதல்ல. அவர்கள் பிரித்த அடுக்குகள் இப்போது இடம் பெயர்கின்றன, அவ்வளவுதான்.

படி 1: இலக்கை எண்ணால் எழுதுங்கள்

'பல்லுயிரைக் காப்பது' என்பது இலக்கு ஆகாது. அதை அளக்க முடியாது. எந்தக் கூறு, எவ்வளவு, எங்கே என்று எழுதுங்கள். ஒரு மாதிரி: 1,800 மீட்டருக்கு மேல் எஞ்சியிருக்கும் இயற்கைப் புல்வெளி முழுவதும், சோலைக்காட்டில் 80 சதவீதம், நடுச்சரிவு இலையுதிர் காட்டிலும் அடிவார முட்காட்டிலும் தலா 30 சதவீதம், கோடையில் வற்றாத ஊற்று ஒவ்வொன்றின் நீர்ப்பிடிப்பும். அரிதானவற்றுக்கும் வேகமாகக் குறைந்து வருபவற்றுக்கும் சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும்.

2022 டிசம்பரில் குன்மிங்-மான்ட்ரியல் உடன்பாட்டில் வந்த '2030-க்குள் 30 சதவீதம்' உலகளாவிய இலக்கு. அதை எடுத்து ஒவ்வொரு மலையிலும் ஒட்டிவிட முடியாது. உயரத்தில் கிடக்கும், யாருக்கும் வேண்டாத பாறை நிலத்தைச் சேர்த்தே 30 சதவீதத்தை நிரப்பிவிடலாம். உலகெங்கும் காப்புப் பகுதிகள் உயரத்திலும் செங்குத்துச் சரிவிலும் மிகுதியாக விழுந்ததற்குக் காரணமே, அந்த நிலத்துக்குப் போட்டி இல்லை என்பதுதான்.

உயிரினப் பட்டியலை மட்டும் வைத்துத் திட்டமிட்டால் ஆபத்து உண்டு. பட்டியலில் இல்லாத பூச்சிக்கும் பூஞ்சைக்கும் வாதாட ஆளில்லை. அதனால் நில முகங்களையும் இலக்காக்குங்கள். 300 மீட்டருக்கு ஓர் அடுக்காக உயரத்தை 8 ஆகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் முகடு, சரிவு, பள்ளத்தாக்கு, சமதளம் என நான்காக்குங்கள். மொத்தம் 32 முகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு திட்டத்துக்குள் வர வேண்டும். நடிகர்கள் மாறினாலும் மேடை இருக்கும் என்பதே இதன் தர்க்கம். 30 மீட்டர் துல்லியமுள்ள இலவச உயரத் தரவும் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளும் இருந்தால் இது ஒரு நாள் வேலை.

படி 2: தரவைச் சேகரித்து, பிறகு சந்தேகப்படுங்கள்

தேவையானவை: இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் (சமஉயரக் கோடு 20 மீட்டர் இடைவெளி), காப்புக்காட்டு எல்லை, வருவாய்க் கிராம வரைபடம், புல எண்களும் அவற்றின் பரப்பையும் உரிமையாளரையும் காட்டும் 'அ' பதிவேடும், உயிரினப் பதிவுகள். கடைசியாகச் சொன்னதற்கு ஈ-பேர்ட், ஜிபிஐஎஃப், இந்தியப் பல்லுயிர்த் தளம் மூன்றும் இலவசம்.

இலவசம் என்பதால் குறை இல்லாமல் இல்லை. பதிவுகள் சாலையோரத்தில் குவிந்திருக்கும். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆளில்லாத வடக்குச் சரிவில் ஒன்றுகூட இருக்காது. இதை அப்படியே, பதிவுகளிலிருந்து வாழிடத்தைக் கணிக்கும் மேக்ஸென்ட் போன்ற மாதிரியில் ஊட்டினால், புல்வெளிப் பறவையான நீலகிரி நெட்டைக்காலிக்குத் தார்ச்சாலை பிடிக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். 1 கி.மீ. கட்டத்துக்கு ஓர் உயிரினத்தின் ஒரு பதிவு மட்டும் இருக்குமாறு கழித்துவிடுங்கள். மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கும் பின்னணிப் புள்ளிகளையும் பார்வையாளர்கள் போன இடங்களிலிருந்தே எடுங்கள். மாதிரியைச் சோதிக்கும்போது மலையை நான்கு துண்டாக்கி, மூன்றில் கற்பித்து நான்காவதில் சோதியுங்கள். அங்குமிங்குமாகப் புள்ளிகளை எடுத்துச் சோதித்தால் மதிப்பெண் நன்றாகத்தான் வரும், அதை நம்பக்கூடாது.

படி 3: பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு இல்லை

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மார்ச் மாதப் படத்தில் எது பச்சையாக இருக்கிறதோ அது ஈரமான, காக்க வேண்டிய இடம் என்று முடிவு கட்டத் தோன்றும். பழனி மலை உச்சியில் அப்படிச் செய்தால், சீகை என்று மலைமக்கள் சொல்லும் வாட்டில் மரத் தோப்பும் யூகலிப்டஸ் தோப்பும் பைன் தோப்பும் முதல் தரப் புகலிடமாக வந்து நிற்கும். அவையும் ஆண்டு முழுவதும் பச்சைதான். அதே படத்தில், உறைபனியும் வெயிலும் பட்டுப் பழுப்பேறிய இயற்கைப் புல்வெளி 'சீரழிந்த நிலம்' என்ற பெட்டிக்குள் விழும். வரையாடு மேயும், குறிஞ்சி பூக்கும் நிலவகை அது.

தவறு புதிதல்ல. தோல் பதனிட டானின் வேண்டும், கூழ்மரம் வேண்டும், 'தரிசில்' மரம் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் நட்டதன் விளைவாக, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கரிமத்தைப் பிடிக்க மரம் நடுகிறோம் என்று இன்று வரும் திட்டங்களும் அதே புல்வெளியைத்தான் முதலில் கண்ணில் காண்கின்றன.

செய்ய வேண்டியது: குறைந்தது இரண்டு பருவத்துப் படங்களை எடுங்கள், ஒன்று ஜனவரி-மார்ச், மற்றொன்று மழை முடிந்த பின். பிறகு ஒவ்வொரு தாவர வகைக்கும் 40-50 இடங்களுக்கு நேரில் போய் உறுதிசெய்த புள்ளிகளைக் கொண்டு வகைப்படுத்துங்கள். வாட்டிலையும் சோலையையும் தனித்தனி வகுப்பாக வையுங்கள். சோலையின் மேல்விதானம் தொலைவிலிருந்து காலிஃபிளவர் போல மொத்தையாகவும் பல நிறமாகவும் தெரியும், தளிர் விடும் காலத்தில் சிவப்பும் செம்பும் கலந்திருக்கும். தோப்பு ஒரே நிறம், ஒரே உயரம். எதிர்முகட்டில் நின்று பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும்.

படி 4: காலநிலைத் தரவின் எல்லை

வேர்ல்ட்கிளிம் தளத்தில் எதிர்காலக் கணிப்புகள் ஏறக்குறைய 1 கி.மீ. கட்டங்களாகக் கிடைக்கும். செங்குத்துச் சரிவில் 1 கி.மீ.க்குள் 400 மீட்டர் உயரம் மாறலாம். அதாவது ஒரே பிக்சலுக்குள் 2.6 டிகிரி வித்தியாசம். நூற்றாண்டின் நடுவில் வரப்போகிற மாற்றத்தைவிட அந்தப் பிக்சல் விழுங்கும் வேறுபாடே பெரிதாக இருக்கலாம். இந்திய வானிலைத் துறையின் மழைத் தரவு 0.25 டிகிரி கட்டம். பழனி மலை முழுவதும் நான்கைந்து கட்டங்களில் அடங்கிவிடும். வெப்பநிலைத் தரவு 1 டிகிரி கட்டம். அதில் கொடைக்கானலும் கீழே வெயிலில் காயும் சமவெளியும் ஒன்றுதான்.

எனவே இந்தத் தரவைத் திசை அறிய மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்எஸ்பி 2-4.5, எஸ்எஸ்பி 5-8.5 என்ற இரண்டு உமிழ்வுப் பாதைகள் (முன்னது நடுத்தர, பின்னது மிக அதிகக் கரிம உமிழ்வு), குறைந்தது மூன்று காலநிலை மாதிரிகள். மொத்தம் ஆறு எதிர்காலங்கள். ஆறையும் சராசரி ஆக்கிவிடாதீர்கள். ஒரு மாதிரி மழை கூடும் என்கிறது, இன்னொன்று குறையும் என்கிறது. சராசரி எடுத்தால் மாற்றமே இல்லை என்று வரும். அப்படி ஓர் எதிர்காலத்தை எந்த மாதிரியும் சொல்லவில்லை. ஆறிலும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஐந்திலாவது நல்ல இடமாக வரும் நிலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: குளிர்ந்த மூலைகளை நடந்து தேடுங்கள்

சுற்றுப்புறம் சூடாகும்போதும் சில இடங்கள் மெதுவாகவே சூடாகும். ஆழமான மடிப்புப் பள்ளத்தாக்கு, ஊற்று கசியும் பாறையடி, மூடுபனி மோதும் முகட்டோரம் போன்றவை. இவற்றைப் புகலிடங்கள் என்கிறோம். கணினியில் ஓரளவுக்குத்தான் இவை தெரியும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் 'வடக்குச் சரிவைத் தேடு' என்று சொல்லும். அது குளிர்நாட்டுப் பாடம். நாம் இருப்பது 10 டிகிரி வடக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் தெற்கே சாயும்போது வடக்குச் சரிவு கொஞ்சம் ஈரம் காப்பது உண்மைதான். ஆனால் அதைவிட, எந்த மழைக்காற்றுக்கு முகம் காட்டுகிறது, பள்ளம் எவ்வளவு ஆழம் என்பவையே இங்கே பெரிது. பழனி மலையின் கிழக்குப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்து அடிவாரம் தென்மேற்குப் பருவத்தில் மழைமறைவு; ஆடி மாதத்தில் வறண்ட காற்றுதான் வீசும்.

ஊற்றுகளை அளக்க 10 லிட்டர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். ஊற்று நீரை ஒரு தகரத்தாலோ மூங்கில் தூம்பாலோ ஒரே தாரையாக்கி, வாளி நிறையும் நேரத்தைப் பாருங்கள். மூன்று முறை அளந்து நடு மதிப்பை எழுதுங்கள். 50 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 720 லிட்டர். இதை மார்ச் கடைசியில், கோடை மழை தொடங்கும் முன் ஒருமுறையும், மழைமறைவுப் பக்கத்தில் ஆகஸ்டிலும் ஒருமுறையும் செய்யுங்கள். டிசம்பரில் அளந்தால் மலை முழுக்க ஊற்றுதான். எந்த ஊற்று எந்த ஆண்டில் வற்றியது என்பது மாடு மேய்ப்பவர்களுக்கும், தேனெடுக்கப் போகும் பளியர் பழங்குடியினருக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் தெரியும். அவர்களோடு நடந்தால் ஒரு வாரத்தில் முடியும். தனியாகத் தேடினால் ஒரு பருவம் போகும்.

வெப்பநிலைக்குச் சிறிய பதிவுக் கருவிகள் வேண்டும். பொத்தான் அளவில்கூடக் கிடைக்கின்றன. நான்கு உயரங்களில் (700, 1,200, 1,700, 2,200 மீட்டர்), ஒவ்வோர் உயரத்திலும் திறந்த முகடு, நடுச்சரிவு, மரநிழல் பள்ளம் என மூன்று. மொத்தம் 12, கைவசம் 2. வைக்கும் முன் 14-ஐயும் ஒரே அறையில் ஒரு வாரம் ஒன்றாக வைத்து, எது எவ்வளவு கூடக் குறையக் காட்டுகிறது என்று பதிந்துகொள்ளுங்கள். பிறகு தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், காற்று புகும் வெள்ளை மறைப்புக்குள் கட்டுங்கள். மறைப்பு இல்லாமல் நேர் வெயில் பட்டால் கருவி தன் சூட்டைத்தான் காட்டும். பல டிகிரி பிழை வரும். முகட்டுக் கருவியில் மட்டும் இந்தப் பிழை ஏறுவதால், பள்ளம் உண்மையில் இருப்பதைவிடப் பெரிய புகலிடமாகத் தெரியும். திட்டமே அந்தப் பிழைமேல் எழும்பிவிடும்.

இன்னொரு வழக்கமான தவறு: 4,096 அளவீடு கொள்ளும் கருவி, மணிக்கு ஒன்று பதிந்தால் 170 நாளில் நிரம்பும். அதற்குள் போய் எடுக்காவிட்டால் அமைப்பைப் பொறுத்துப் பதிவு நின்றுவிடும், அல்லது பழையதை அழித்து எழுதும். மார்ச்சில் வைத்துவிட்டு டிசம்பரில் போய்க் கோடைத் தரவைத் தேடியவர்கள் உண்டு. காட்டெருமை உரசும் மரத்திலும் குரங்கு வரும் கிளையிலும் கட்டாதீர்கள்.

பகல் உச்சத்தை மட்டும் பார்க்க வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிந்து பள்ளத்தில் தேங்கும். விடியலில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மரக்கன்றுகள் புல்வெளிக்குள் வராமல் தடுக்கும் காரணங்களில் அந்த உறைபனியும் ஒன்று. பனி விழும் இரவுகள் குறைந்தால் வாட்டிலுக்குக் கொண்டாட்டம். குறைந்தபட்ச வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போன இரவுகளின் எண்ணிக்கையை அட்டவணையில் தனி நெடுவரிசையாக வைத்திருங்கள்.

படி 6: மேலுக்கும் கீழுக்கும் ஒரு பாதை

புதிதாக நிலம் சேர்க்கப் பணமும் அரசியல் ஆதரவும் குறைவாக இருந்தால், உச்சியில் இன்னொரு துண்டைச் சேர்ப்பதைவிட அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஓடும் ஒரே ஒரு தொடர் பட்டையைச் சேருங்கள். அதுதான் எங்கள் பரிந்துரை. 2 டிகிரிக்கு 300 மீட்டர் ஏற வேண்டும் என்ற கணக்குப்படி, எந்த இடத்தில் தொடங்கினாலும் குறைந்தது 300 மீட்டர் உயர வேறுபாட்டை இடைவெளி இல்லாமல் கடக்க முடிய வேண்டும்.

சமவெளியில் இந்த வசதி இல்லை. 2009-இல் வெளியான ஓர் உலகளாவிய கணக்கீட்டின்படி, அதே வெப்பநிலையைத் தொடர உயிரினங்கள் சராசரியாக ஆண்டுக்கு 0.42 கி.மீ. நகர வேண்டும். சமநிலத்தில் இந்த வேகம் மிகக் கூடுதல், மலையில் மிகக் குறைவு. இன்றைய காலநிலை 100 ஆண்டுக்கு மேல் தன் எல்லைக்குள் தங்கக்கூடிய காப்புப் பகுதிகள் உலகில் 8 சதவீதம் மட்டுமே என்றும் அது சொன்னது.

அகலம் எவ்வளவு? ஓரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே வரை வெயிலும் காற்றும் களையும் புகும் என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டர் அகலப் பட்டையில் உட்காடு என்று ஒன்றும் மிஞ்சாது. 500 மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். கிடைக்காத இடத்தில் ஓடையின் இரு கரையையும் பிடியுங்கள். ஓடை ஏற்கெனவே மேலிருந்து கீழே போகிறது, நிழலும் ஈரமும் இருக்கிறது.

பழனி மலையில் இந்தப் பட்டை அறுபடுவது 1,000 முதல் 1,500 மீட்டரில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களில். காப்பியும் மலைவாழையும் மிளகும் கலந்த நிலம். தோட்டம் என்பதற்காக வெட்டு விழுந்ததாக எண்ணிவிட வேண்டாம். நாட்டு மரங்களின் நிழலில் காப்பி வளர்த்தால் பறவைக்கும் மலை அணிலுக்கும் அது வழிதான். அந்த நிழலை வெட்டிச் சில்வர் ஓக் வரிசையாக நட்டால் தரம் இறங்கும். காப்பியையே அழித்து விடுதி கட்டினால் பாதை முடிந்தது. ஆகவே இணைப்புத் திட்டத்தில் நிலத்தைக் கையகப்படுத்துவதைவிட, ஏக்கருக்கு எத்தனை நாட்டு நிழல்மரம் நிற்கிறது என்று எண்ணி, அதைக் காப்பவருக்கு என்ன தருவது என்று பேசுவதே பலன் தரும்.

மேற்குப் பக்கத்தையும் மறக்கக்கூடாது. ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளத்தின் சின்னாறு, பாம்பாடுஞ்சோலை ஆகியவை அங்கே தொடர்கின்றன. வரைபடத்தை மாநில எல்லையில் வெட்டி நிறுத்தினால், உயர்நில உயிரினங்களுக்கு மிச்சமிருக்கும் பெரிய இணைப்பே தாளுக்கு வெளியே போய்விடும். வடக்கே பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் நீலகிரிக்குத் தாவும் வாய்ப்பு சோலைப் பறவைகளுக்குக் கிடையாது.

படி 7: துண்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

நிலத்தை 10 ஹெக்டேர் அறுகோணங்களாகப் பிரித்தால் 609 சதுர கி.மீ.க்கு 6,000-க்கு மேல் அலகுகள் வரும். சிறு நீர்ப்பிடிப்புகளாகப் பிரிப்பது இன்னும் நல்லது. களத்தில் அடையாளம் காட்ட முடியும்.

தேர்வின் அடிப்படை 'எதில் அதிகம்' என்பது கிடையாது. 'எது எதை நிரப்புகிறது' என்பதுதான். முதல் பள்ளத்தாக்கில் 12 இலக்கு உயிரினங்கள், இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5 என்று வையுங்கள். இரண்டாவதன் பத்தும் முதலாவதிலேயே இருந்து, மூன்றாவதன் ஐந்தும் வேறெங்கும் இல்லை என்றால், எடுக்க வேண்டியவை முதலாவதும் மூன்றாவதும். 10-ஐ விட்டு 5-ஐ எடுப்பதை அதிகாரிகளுக்கு விளக்கத் தயாராக இருங்கள்.

இந்தக் கணக்கை ஆயிரக்கணக்கான அலகுகளுக்குச் செய்ய மார்க்சான், பிரியாரிட்டைசர் ஆகிய இலவச மென்பொருள்கள் உள்ளன. ஒவ்வோர் உயிரினத்துக்கும் இன்றைய வாழிடத்தையும் எதிர்கால வாழிடத்தையும் இரு தனிக் கூறுகளாகக் கொடுங்கள். சேர்த்துக் கொடுத்தால், எதிர்காலப் பரப்பு மட்டும் கிடைத்து இன்று நிற்க இடமில்லாத திட்டம் வரும். துண்டுகளை ஒன்றுசேர்க்கத் தூண்டும், எல்லை நீளத்துக்கான எடையை 0-வில் வைத்தால் வரைபடம் மிளகு தூவியதுபோல் சிதறும். மிக உயர்த்தினால் ஒரே கட்டியாகி இலக்குகள் நழுவும். படிப்படியாகப் பத்து மடங்கு ஏற்றிப் பார்த்து நடுவில் நில்லுங்கள். 100 முறை ஓட்டுங்கள். அவற்றில் 90 முறைக்கு மேல் தேர்வான அலகுகளே பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை. இலக்கு எட்டாத கூறுகளின் பட்டியலைத் தவறாமல் திறந்து பாருங்கள். மென்பொருள் எதையும் கூவிச் சொல்லாது.

ஒவ்வோர் அலகுக்கும் என்ன விலை என்று மென்பொருளுக்குச் சொல்லும் செலவு அடுக்கில் நில மதிப்பை மட்டும் போட்டால் ஏழைகளின் மேய்ச்சல் நிலம் 'மலிவு' என்று முதலில் தேர்வாகும். விறகு, தேன், மேய்ச்சல், வழிபாட்டு இடங்களை ஊரோடு அமர்ந்து குறித்து, அவற்றுக்கும் செலவு வையுங்கள்.

படி 8: மக்களும் சட்டமும்

கட்டுரையில் எட்டாவதாக வந்தாலும் இந்த வேலை முதல் நாளே தொடங்க வேண்டியது. கணினி வரைபடம் முடிந்தபின் ஊருக்குப் போனால், கேட்க வரவில்லை, சொல்ல வந்திருக்கிறார்கள் என்று ஊர் சரியாகவே புரிந்துகொள்ளும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, உரிமை அங்கீகாரமும் சரிபார்ப்பும் முடியும்வரை காட்டில் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பளியர், புலையர் குடியிருப்புகளின் தனிநபர், சமூக உரிமைக் கோரிக்கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்து வகை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்கு வழிகள் முக்கியம். தேசியப் பூங்காவில் (பிரிவு 35) மேய்ச்சலுக்கு இடமில்லை. சரணாலயத்தில் (பிரிவு 18 முதல் 26-அ வரை) மாவட்ட ஆட்சியர் உரிமைகளை விசாரிப்பார். அறிவிப்பு உள்ளூர் மொழியில் வர வேண்டும், உரிமை கோர இரண்டு மாதம் உண்டு. சில உரிமைகள் தொடரலாம். இவ்விரண்டின் எல்லையைப் பின்னால் மாற்ற தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். இது பலம்தான். ஆனால் இடம்பெயரும் இயற்கைக்கு இது மட்டும் போதாது.

அதனால் நடு நிலத்துக்குப் பாதுகாப்பகத்தை (பிரிவு 36-அ) பரிந்துரைக்கிறோம். அரசு நிலமாக இருக்க வேண்டும். காப்புப் பகுதிகளை ஒட்டியும் அவற்றை இணைத்தும் இருக்கும் நிலத்தைச் சட்டமே குறிப்பிட்டுச் சொல்கிறது. உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டத் திருப்புடைமருதூரில் 3 ஹெக்டேருக்கும் குறைந்த பறவைப் பாதுகாப்பகமும் உண்டு. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. கடற்பசுப் பாதுகாப்பகமும் வந்தது. தனியார், சமுதாய நிலத்துக்குச் சமுதாயக் காப்பகம் (பிரிவு 36-இ). உரிமையாளரே முன்வர வேண்டும். ஒருமுறை அறிவித்தால் நிலப் பயன்பாட்டை மாற்ற மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் தேவை. தோட்டக்காரரிடம் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள்.

இவை எதிலும் அடங்காத கோயில்காடு, பாறைக்குன்று, கண்மாய் ஆகியவற்றுக்கு 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் பல்லுயிர் பாரம்பரியத் தலம் பொருந்தும். மதுரை மாவட்ட அரிட்டாபட்டி 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது, ஏறக்குறைய 193 ஹெக்டேர்.

படி 9: எல்லைக் கோடு

ஓடையை எல்லையாக வைக்காதீர்கள். ஒரு கரை உள்ளே, மறு கரை வெளியே என்றாகிவிடும். பூச்சிமருந்தும் மோட்டாரும் வெளிக்கரையில் வரும். நீர்பிரி முகட்டை எல்லையாக்குங்கள். ஊற்று உள்ளே இருந்து அதற்கு நீர் தரும் மேட்டுநிலம் வெளியே இருப்பதும் இதே பிழைதான். அடர்ந்த மரத்தடியில் கைப்பேசி காட்டும் இடம் 10-15 மீட்டர் தள்ளியிருக்கும். பட்டா நிலத்தை ஒட்டிய கற்களுக்கு நில அளவையரோடு போங்கள். அறிவிக்கைக்கு வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லை விவரமும் புல எண்களும் எழுத்தில் வேண்டும். வரைபடமும் எழுத்தும் முரண்பட்டால் வழக்கு அங்கே தொடங்கும்.

படி 10: அறிவித்த பிறகு

வாட்டிலை ஒரே ஆண்டில் மொட்டையடித்தால், மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும் விதைகள் வெயில் பட்டதும் பாய் விரித்ததுபோல் முளைக்கும். முதலில் புல்வெளியின் ஓரத்தில் புதிதாகப் பரவும் இளங்கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். வெட்டும் இடத்தில் தொடர்ந்து நாலைந்து ஆண்டு களையெடுக்கப் பணம் இல்லையென்றால் வெட்டவே வேண்டாம். பழைய தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக வந்திருந்தால் அந்த நிழலைக் கலைக்காதீர்கள். கீழ்ச்சரிவில் உண்ணிச்செடியை, காய் பிடிக்கும் முன், வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கிளையை மட்டும் வெட்டினால் இரட்டிப்பாகத் தழைக்கும்.

கண்காணிப்புக்கு 200 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக நிலையான புள்ளிகள். ஒவ்வொன்றிலும் காலையில் 10 நிமிடப் பறவைக் கணக்கு, ஒரு பருவத்தில் குறைந்தது நான்கு முறை. ஊற்றுகளின் வாளிக் கணக்கு, உறைபனி இரவுகள், வாட்டில் முளைத்த பரப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பை இப்போதே எழுதிவிடுங்கள்: ஒரு புகலிட ஊற்று தொடர்ந்து இரண்டு மார்ச் மாதங்களில் வற்றினால் அந்த நீர்ப்பிடிப்பின் கிணறுகளையும் குழாய்களையும் ஆய்வு செய்வது, ஒரு பறவை கீழ்ப்புள்ளிகள் இரண்டில் மூன்று ஆண்டு தொடர்ந்து காணாமல் போனால் இணைப்புப் பட்டையை மறுஆய்வு செய்வது. மேலாண்மைத் திட்டம் பத்தாண்டுக்கு எழுதப்பட்டாலும் இந்த மறுஆய்வை ஐந்தாம் ஆண்டிலேயே வையுங்கள்.

ஒளிப்படப் புள்ளிகளுக்கு ஓர் இரும்புக் கம்பியை அடித்து, எந்தத் திசையில், எந்த உயரத்தில் கேமரா வைத்தீர்கள் என்று எழுதி, ஒவ்வொரு மார்ச்சிலும் அதே சட்டகத்தில் எடுங்கள். படங்கள், ஆயத்தொலைவுகள், வாளிக் கணக்கு நோட்டு மூன்றிலும் ஒரு நகல் வனச்சரக அலுவலகத்திலும் இன்னொன்று ஊராட்சியிலும் இருக்கட்டும். திட்டம் போட்டவரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறும் நாளில் அடிப்படைத் தரவும் கூடவே போய்விடும்.